அத்தியாயம் 7: டிக்கெட்டில் அச்சிடாத தொகை

ஒன்ராறியோவில் நிறுத்தற் பலகையில் வாகனத்தை முழுமையாக நிறுத்தாமல் உருட்டிச் சென்றதற்குப் பொலிஸார் எழுதிக் கொடுக்கும் டிக்கெட்டில் மொத்தத் தொகை 110 டொலர். அதில் தண்டப்பணம் 85, பாதிக்கப்பட்டோர் நிதிக்கான மேல்வரி 20, நீதிமன்றச் செலவு 5. சிவப்பு விளக்கைக் கடந்ததற்கு 325 டொலர்: 260, 60, 5. ஐம்பது கிலோமீற்றர் வீதியில் எழுபதில் ஓடினால் 95 டொலர்.

எம்மவரில் பெரும்பாலானோர் இந்தத் தொகையைப் பார்த்ததும் செய்வது ஒன்றுதான். கடன் அட்டையை எடுத்து, இணையத்தில் கட்டிவிட்டு, "சனியன் ஒழிந்தது" என்று பெருமூச்சு விடுவார்கள். ஒரு நாள் வேலையை விட்டு நீதிமன்றம் போய் நிற்பதைவிட இது லாபம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய வரி விடுபட்டுள்ளது. மாகாணக் குற்றங்கள் சட்டத்தின்படி டிக்கெட் தொகையைக் கட்டுவது ஒரு கட்டணத்தைச் செலுத்துவது ஆகாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே அது கொள்ளப்படும். நீதவான் முன் நின்று "நான் குற்றவாளி" என்று சொன்னால் என்ன பதிவாகுமோ அதுவே நீங்கள் சோபாவில் இருந்தபடி பொத்தானை அழுத்தும்போதும் பதிவாகிறது. அந்தப் பதிவின் விலை டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்காது. அதைக் கணக்கிடுவது எப்படி, குறைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

மூன்று இடங்களில் மூன்று பதிவுகள்

முதலாவது நீதிமன்றம். அதற்கு வேண்டியது தண்டப்பணம். கட்டியதும் அந்தப் பக்கம் மூடப்படும்.

இரண்டாவது போக்குவரத்து அமைச்சு. அங்கே டீமெரிட் புள்ளிகள் ஏறும். ஒன்ராறியோவில் சாரதிகள் பூச்சியத்தில் தொடங்குகிறார்கள். குற்றத்தீர்ப்புக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். வேக எல்லையை 16 முதல் 29 கிலோமீற்றர் வரை தாண்டினால் 3 புள்ளி, 30 முதல் 49 வரை 4, 50 அல்லது அதற்கு மேல் 6. நிறுத்தற் பலகை, சிவப்பு விளக்கு இரண்டுக்கும் 3. கவனயீனமாக ஓட்டினாலோ, மாணவரை ஏற்றி இறக்க நிற்கும் பாடசாலை பஸ்ஸைக் கடந்தாலோ 6. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் புள்ளிகள் கணக்கில் நிற்கும். முழு 'ஜி' அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு 15 புள்ளி சேர்ந்தால் 30 நாள் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும்.

மூன்றாவது உங்கள் காப்புறுதி நிறுவனம். பணம் கரைவது இங்கேதான். காப்புறுதி நிறுவனம் புள்ளிகளை எண்ணுவதில்லை, குற்றத்தீர்ப்புகளையே எண்ணுகிறது. எத்தனை, எந்த வகை, எப்போது என்ற மூன்றும்தான் அதற்குத் தேவை. பொதுவாகத் தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அதைக் கணக்கில் எடுக்கும்.

"எனக்குப் புள்ளி ஒன்றும் விழவில்லை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எல்லையை 15 கிலோமீற்றர் வரை தாண்டிய டிக்கெட்டுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அதைக் கட்டினால் குற்றத்தீர்ப்பு உண்டு. அமைச்சின் பதிவில் பூச்சியம். காப்புறுதியின் பதிவில் ஒன்று.

காப்புறுதி எப்படிப் பார்க்கிறது

நிறுவனங்கள் குற்றத்தீர்ப்புகளைப் பொதுவாக மூன்று தட்டுகளில் போடுகின்றன.

சிறு வகை: சாதாரண வேக மீறல், நிறுத்தற் பலகை, சிவப்பு விளக்கு, தவறான திருப்பம், இருக்கைப் பட்டி.

பெரு வகை: பாடசாலை பஸ்ஸைக் கடத்தல், காப்புறுதி இல்லாமல் ஓடுதல் போன்றவை. வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்திருந்ததையும் பல நிறுவனங்கள் இந்தத் தட்டில்தான் போடுகின்றன.

கடும் வகை: கவனயீனமாக ஓட்டுதல், சாகச ஓட்டம், குடிபோதை.

எது எந்தத் தட்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும். இந்த வகைப்படுத்தல் உங்கள் டிக்கெட்டில் இருக்காது. தண்டப்பணத்தின் அளவும் அதைக் காட்டாது. 

முதலாவது சிறு குற்றத்தீர்ப்புக்கு எல்லா நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றுவதில்லை. ஆனால் குற்றப்பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் கழிவு அதோடு போய்விடலாம். இரண்டாவது வந்தால் ஏற்றம் தெளிவாகத் தெரியும். மூன்று சிறு வகைகளோ, ஒரு கடும் வகையோ இருந்தால் நிறுவனம் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம். வேறு எவரும் எடுக்காத சாரதிகளுக்குக் காப்புறுதி கிடைக்கச் செய்யும் கடைசிக் கதவு 'ஃபசிலிற்றி அசோசியேஷன்'. அங்கே கட்டணம் சாதாரணச் சந்தையைவிட மிக அதிகம்.

எண்ணில் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 3,000 டொலர் என்று வைப்போம். 110 டொலர் டிக்கெட்டைக் கட்டியதால் கழிவு போய், கட்டணம் 10 வீதம் கூடுகிறது. ஆண்டுக்கு 300, மூன்று புதுப்பிப்புகளுக்கு 900. ஆக அந்த டிக்கெட்டின் உண்மை விலை 1,010 டொலர். அது இரண்டாவது டிக்கெட்டாக இருந்து 25 வீதம் கூடினால் ஆண்டுக்கு 750. மூன்று ஆண்டில் 2,250. காப்புறுதி விலை ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பிரம்ரனிலோ ஸ்காபரோவிலோ வசிப்பவருக்கு அடிப்படைத் தொகை பெரிது. அதே வீதத்தில் கூடும் தொகையும் பெரிது.

இந்த ஏற்றம் டிக்கெட் கட்டிய மறுநாள் வராது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது நிறுவனம் உங்கள் சாரதிப் பதிவை எடுத்துப் பார்த்த பிறகே வரும். அதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கலாம். அதனால் பலரும் "காப்புறுதிக்காரன் சும்மா ஏற்றிவிட்டான்" என்று புரோக்கரைத் திட்டுவார்களே தவிர, கட்டிய டிக்கெட்டை நினைக்கமாட்டார்கள்.

வீட்டில் ஒருவர் வாங்கினால்

காப்புறுதி ஒப்பந்தத்தில் வீட்டில் உள்ள அனுமதிப்பத்திரக்காரர் எல்லோரும் அறிவிக்கப்பட வேண்டும். மகன் 'ஜி2' எடுத்து அப்பாவின் வாகனத்தை ஓட்டுகிறான் என்றால், அவன் வாங்கும் டிக்கெட் அப்பாவின் கட்டணத்தில் விழும். கட்டணம் தாங்க முடியாமல் போனால் 'ஓபிசிஎஃப் 28ஏ' என்ற படிவத்தில் ஒப்பமிட்டு அந்தச் சாரதியை விலக்கலாம். விலக்கிய பின் அவர் அந்த வாகனத்தை ஒருமுறைகூடத் தொடக்கூடாது. தொட்டு விபத்து நடந்தால் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஆபத்தில் விழும்.

புதிய சாரதிகளுக்குச் சட்டமும் கடுமையானது. 'ஜி1', 'ஜி2' வைத்திருப்பவர் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ள ஒரு குற்றத்தில் தீர்ப்புப் பெற்றால், மொத்தப் புள்ளி எவ்வளவு என்று பாராமல் 30 நாள் இடைநிறுத்தம். இரண்டாம் முறை 90 நாள். மூன்றாம் முறை அனுமதிப்பத்திரமே ரத்து. எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முப்பது கிலோமீற்றர் கூடுதல் வேகத்துக்கான டிக்கெட்டை, பிள்ளைக்குப் பாடமாக இருக்கட்டும் என்று பெற்றோர் தாமே கட்டிவிடுவதுண்டு. அந்தப் பிள்ளையின் அனுமதிப்பத்திரத்தை ஒரு மாதம் நிறுத்திவைக்கப் பணம் கட்டியதாகவே அது முடியும்.

கைப்பேசிக் குற்றத்துக்கு முழு அனுமதிப்பத்திரக்காரருக்கு முதல் முறை நீதிமன்றத்துக்கு வெளியே முடித்தால் 615 டொலர், 3 புள்ளி, 3 நாள் இடைநிறுத்தம். புதிய சாரதிக்குப் புள்ளி இல்லை. நேரே 30 நாள் இடைநிறுத்தம்.

லொறி, பஸ், விநியோக வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள் இன்னும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வேலை தருபவர் சாரதிப் பதிவைக் கேட்பார். வணிக வாகனத்தில் பெற்ற குற்றத்தீர்ப்பு, வாகனத்தை இயக்கும் நிறுவனத்தின் 'சிவிஓஆர்' பதிவிலும் ஏறும். அதனால் சொந்தத் தண்டப்பணத்தைச் சொந்தக் காசில் கட்டினாலும் முதலாளி முகம் சுளிப்பதில் காரணம் உண்டு. இரண்டு சமமான விண்ணப்பங்களில் எந்தப் பதிவு சுத்தமோ அதற்கே வேலை.

யோசிக்காமல் கட்டக்கூடியவை

எல்லாவற்றையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. தரிப்பிட டிக்கெட் சாரதிப் பதிவில் ஏறாது. புள்ளியும் இல்லை, காப்புறுதிக்கும் தெரியாது. சிவப்பு விளக்குக் கமரா அனுப்பும் டிக்கெட் வாகன உரிமையாளருக்கு வருவது. ஓட்டியவர் யார் என்று கமராவுக்குத் தெரியாததால் புள்ளி கிடையாது. அதே சிவப்பு விளக்குக் குற்றத்துக்குப் பொலிஸ் அதிகாரி நேரில் எழுதிக் கொடுத்தால் விளைவு முழுவதும் வேறு. தபாலில் வந்ததா, கையில் தந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

பதினைந்து நாள்

சாதாரண டிக்கெட்டுக்குப் பதில் தர 15 நாள் தரப்படும். பின்பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கும்: கட்டுவது, வழக்குத் தொடுநருடன் முன்தீர்வுச் சந்திப்பு, விசாரணை. எதையும் செய்யாமல் விட்டால், நீங்கள் மறுக்கவில்லை என்று கொண்டு நீதிமன்றமே குற்றத்தீர்ப்பு எழுதிவிடும்.

"பிழை செய்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. விசாரணை கேட்பது பொய் சொல்வதாகாது. குற்றச்சாட்டை நிரூபிக்கும் பொறுப்பு அரச தரப்புக்கு உரியது; நிரூபியுங்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உரியது. முன்தீர்வுச் சந்திப்பில் அந்தச் சங்கடமும் இல்லை. செய்ததை மறுக்காமலே குறைந்த குற்றத்துக்கு ஒப்புக்கொள்ளலாமா என்று பேசும் இடம் அது.

அங்கே நடப்பது இதுதான். வழக்குத் தொடுநர் உங்கள் பதிவைப் பார்த்து ஒரு சலுகை சொல்வார்: வேகத்தைக் குறைத்து எழுதுவது, வேறு குற்றமாக மாற்றுவது, சில வேளை கைவிடுவது. ஒப்புக்கொண்டால் சமாதான நீதவான் அதைத் தீர்ப்பாக்குவார். ஒப்பாவிட்டால் விசாரணைக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். சந்திப்பைக் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் மட்டும் குற்றத்தீர்ப்பு விழும்.

பேரம் பேசும்போது "புள்ளி எத்தனை?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 29 கிலோமீற்றர் கூடுதலை 15 ஆகக் குறைத்தால் புள்ளி மூன்றிலிருந்து பூச்சியமாகும், தண்டப்பணமும் குறையும். காப்புறுதிக்கோ முன்பும் ஒரு சிறு குற்றத்தீர்ப்பு, இப்போதும் ஒரு சிறு குற்றத்தீர்ப்பு. மாறாக, கவனயீனமாக ஓட்டிய குற்றச்சாட்டு சிறு வகைக் குற்றமாக மாற்றப்பட்டால் கடும் தட்டிலிருந்து சிறு தட்டுக்கு இறங்குகிறீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான டொலர் மிஞ்சும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "என் பதிவில் கடைசியில் என்ன குற்றம் எழுதப்படும்?" அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒப்புக்கொள்வதற்கு முன் புரோக்கரிடம் பொதுவாக விசாரியுங்கள்.

விசாரணைக்குப் போக நினைப்பவர்கள் நான்கு விடயங்களை அறிய வேண்டும்.

1. பொலிஸ் அதிகாரி வீதியோரத்தில் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்து எழுதியிருக்கலாம். அந்த டிக்கெட்டை எதிர்த்தால், வழக்குத் தொடுநர் உண்மையில் அளந்த வேகத்துக்குக் குற்றச்சாட்டை உயர்த்தக் கேட்கலாம். இது அனுமதிக்கத்தக்கது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. டிக்கெட்டில் குறைத்த வேகம் இருக்கிறதா என்று அறியாமல் விசாரணை கேட்காதீர்கள்.

2. டிக்கெட்டில் அச்சிட்ட தொகை நீதிமன்றத்துக்கு வெளியே கட்டுவதற்கான நிர்ணயத் தொகை. விசாரணையில் தோற்றால் அதைவிடக் கூடலாம். கைப்பேசிக் குற்றத்தில் 615 என்பது 1,000 வரை போகலாம்.

3. பெயரில் எழுத்துப்பிழை, நிறத்தில் தவறு போன்ற சிறு பிழைகளை நீதிமன்றம் திருத்திக்கொள்ளும். "பிழை இருக்கிறது, தள்ளுபடியாகிவிடும்" என்ற தேநீர்க்கடைச் சட்டத்தை நம்பாதீர்கள்.

4. விசாரணைக்கு முன் அதிகாரியின் குறிப்புகளையும் வேக அளவிக் கருவியின் விபரங்களையும் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அவற்றை வாசிக்காமல் உள்ளே போகாதீர்கள்.

தமிழில் பேச விரும்புவோர் விசாரணையைக் கேட்கும் படிவத்திலேயே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிக்கலாம். கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆவது பிரிவு தரும் உரிமை அது. மகளையோ மருமகனையோ கூட்டிப்போய் நிறுத்த வேண்டியதில்லை.

பராலீகல் வைப்பதா? 110 டொலர் டிக்கெட்டுக்கு அதைவிடக் கூடக் கொடுப்பதா என்று கேட்பது பிழையான ஒப்பீடு. மூன்று ஆண்டுக் காப்புறுதி ஏற்றத்தோடு அவரின் கூலியை ஒப்பிடுங்கள். முதல் சிறு டிக்கெட் என்றால் நீங்களே முன்தீர்வுக்குப் போகலாம். இரண்டாவதோ மூன்றாவதோ என்றால், பெரு அல்லது கடும் வகை என்றால், 'ஜி2' பிள்ளையின் டிக்கெட் என்றால் ஆள் வையுங்கள். ஒன்ராறியோவில் பராலீகலுக்குச் சட்டச் சங்கத்தின் உரிமம் இருக்க வேண்டும். அவர் பெயரைச் சங்கத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். "புள்ளி இல்லாமல் செய்து தருகிறேன்" என்பவரிடம், மேலே சொன்ன கேள்வியையே கேளுங்கள்.

எல்லை தாண்டினால்

நியூயோர்க் மாநிலத்திலோ மிச்சிகனிலோ பெற்ற குற்றத்தீர்ப்புகள் ஒன்ராறியோப் பதிவுக்கு வந்து சேரும். இங்கே நடந்ததைப் போலவே புள்ளி விழும். ரஷ் நகரத்து ராஜராஜேஸ்வரி பீடத்துக்குக் குடும்பத்தோடு போய்வரும் வழியில் வாங்கும் டிக்கெட்டும் அப்படித்தான். நியூயோர்க் இதற்கு மேல் இன்னொரு தொகையும் கேட்கும். 18 மாதங்களுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் சாரதிப் பொறுப்புக் கட்டணம் என்று ஆண்டுக்கு 100 டொலர் வீதம் மூன்று ஆண்டுகள். ஆறுக்கு மேல் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆண்டுக்கு 25 டொலர் கூடும். இது தண்டப்பணத்தோடு சேராத தனித்தொகை; டிக்கெட்டில் இராது; அமெரிக்க டொலரில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த மாநிலத்தில் வாகனம் ஓட்டும் உரிமை நிறுத்தப்படும்.

சிறு தொகை என்று நினைக்கவே கூடாதவை

காப்புறுதி இல்லாமல் ஓடினால் முதல் முறைக்கே குறைந்தது 5,000 டொலர்; 25 வீத மேல்வரியோடு 6,250. சாகச ஓட்டத்துக்குக் குறைந்தது 2,000, மேல்வரியோடு 2,500. எல்லை 80க்குக் குறைந்த வீதியில் 40 கிலோமீற்றர் கூட ஓடினாலே 2021 முதல் அது சாகச ஓட்டம்தான். பிடித்த இடத்திலேயே 30 நாள் அனுமதிப்பத்திரம் போகும். வாகனம் இழுத்துச் செல்லப்பட்டு 14 நாள் தடுத்து வைக்கப்படும்.

குடிபோதை ஓட்டம் இந்த அத்தியாயத்துக்குள் அடங்காது. அது குற்றவியல் சட்டத்தின் கீழ் வருவது. 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள் என்பதால், நிரந்தர வதிவாளர் ஒருவர் தன் வதிவுரிமையையே இழக்க நேரலாம். அந்த வழக்கில் சட்டத்தரணியிடம் பேசாமல் ஒரு வார்த்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே கைநழுவியிருந்தால்

கடிதம் கிடைக்காமலோ உங்கள் தவறின்றியோ தவணை தப்பியிருந்தால், தீர்ப்பு விழுந்ததை அறிந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வழக்கை மீளத் திறக்க விண்ணப்பிக்கலாம். தீர்ப்பையே எதிர்த்து மேன்முறையீடு செய்ய 30 நாள். பொதுவாகத் தண்டப்பணத்தை முதலில் கட்ட வேண்டும். காசில்லை என்றால் கட்ட அவகாசம் கேட்கலாம். கட்டாமல் விடுவதே மிக மோசமான வழி. அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும், அதை மீளப் பெறத் தனிக் கட்டணம், இடைநிறுத்தத்தோடு ஓடிப் பிடிபட்டால் அது புதிய, பெரிய குற்றம்.

டிக்கெட் கையில் வந்ததும்

1. வீதியோரத்தில் வாதாடாதீர்கள், "ஐயோ தெரியாமல் வேகமாக வந்துவிட்டேன்" என்றும் சொல்லாதீர்கள். அதிகாரி இரண்டையும் எழுதி வைப்பார்.
2. அன்றிரவே இடம், நேரம், வானிலை, பலகை தெரிந்ததா என்பதை எழுதுங்கள். முடிந்தால் படம் எடுங்கள்.
3. 15ஆவது நாளை நாட்காட்டியில் குறியுங்கள்.
4. கடந்த மூன்று ஆண்டில் வேறு குற்றத்தீர்ப்பு உண்டா, அது எந்தத் தேதியில் விழுந்தது என்று பாருங்கள். பழையது விரைவில் மூன்று ஆண்டைக் கடக்குமானால், புதிய தீர்ப்பு அதற்குப் பின் விழுவது உங்களுக்கு நல்லது.
5. ஆண்டுக் கட்டணத்தை எடுத்து, மேலே காட்டிய மூன்று ஆண்டுக் கணக்கைப் போடுங்கள்.
6. அதன் பிறகே கட்டுவதா, பேசுவதா, எதிர்ப்பதா என்று முடிவெடுங்கள்.

கணக்குப் போட்ட பிறகும் கட்டுவதே சரி என்று தோன்றினால் தாராளமாகக் கட்டுங்கள். முன்தீர்வுச் சந்திப்பைக் கேட்கக் கட்டணம் இல்லை, பேசிப் பார்த்ததற்காக எவரும் தண்டிக்கவும் மாட்டார்கள். பொலிஸார் கொடுத்த முதல் டிக்கெட்டுக்கு 15 நாளுக்குள் சந்திப்பைக் கேட்டுப் பேசிக் குறைத்தவருக்கு, இரண்டாவது வரும்போது ஓரளவு இடம் இருக்கும். யோசிக்காமல் கட்டியவருக்கு அது இராது.